போடி மலையில் ஒரு போர்க்கப்பல்

கப்பல் கட்ட ஆசைப்படுகிறவர் கடலோரத்தில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஒரு தடவையாவது கப்பலைக் கிட்டத்தில் பார்த்திருந்தால் நல்லது. இது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்த இடம், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத போடி மலையில், ஒரு ஏலத்தோட்டத்துக் குளம்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் மின்பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். போடியிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். (அதனால் போடி மொத்தத்துக்கும் நான்தான் பிரதிநிதி என்று எனக்கு ஒரு நினைப்பு. போடிக்கு அப்படி எந்த நினைப்பும் இல்லை.) கடைசி வருடம் ஆளுக்கொரு செய்முறைத் திட்டம் செய்ய வேண்டும். மற்றவர்கள் தானாக எரியும் தெருவிளக்கு, தண்ணீர் நிரம்பினால் அலறும் மணி என்று புத்திசாலித்தனமாக எதையோ எடுத்துக்கொண்டார்கள். நான் போர்க்கப்பலை எடுத்துக்கொண்டேன்.

காரணம், கல்லூரி நூலகத்தில் கிடைத்த அட்டை கிழிந்த ஒரு பத்திரிகை. வழக்கமான கப்பலில் எஞ்சினே நீள இரும்புத்தண்டு வழியாக அடியில் இருக்கும் விசிறியைச் சுழற்றும். இனி வரும் கப்பல்களில் எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரித்துக் கொடுக்கும், அந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் விசிறியைச் சுழற்றும் என்று அதில் எழுதியிருந்தது. சத்தம் குறையும். போர்க்கப்பலுக்குச் சத்தம் குறைவது உயிர் பிழைக்கிற விஷயம், ஏனென்றால் எதிரியின் நீர்மூழ்கி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். படித்த எனக்குப் புல்லரித்தது. உடனே பேராசிரியரிடம் போனேன்.

"கப்பலைப் பார்த்திருக்கியாம்மா?" என்றார்.

"காலண்டர்ல பார்த்திருக்கேன் சார்."

"நீச்சல் தெரியுமா?"

"அது எதுக்கு சார்? நான் மோட்டார்தானே செய்யப்போறேன்."

அவர் நல்ல மனிதர். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதோடு நில்லாமல், தன் பழைய சிநேகிதர் ஒருவருக்குக் கடிதமும் எழுதினார். சிநேகிதர் மலையாளி. கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்று, கப்பல் மோட்டார்களை ஆராயும் ஒரு கூடத்துக்கு ஆலோசகராக இருந்தவர். கோடை விடுமுறைக்கு மூணாறு போகிற வழியில் என் கப்பலைப் பார்ப்பதாகப் பதில் போட்டார். பிடித்திருந்தால் அந்தக் கூடத்தில் பயிற்சிப் பொறியாளர் வேலைக்குச் சொல்லி வைப்பாராம்.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். "படிப்பு முடிஞ்ச மறு மாசம் ஒண்ணு கையில வேல ஆர்டர் இருக்கணும், இல்ல கழுத்துல தாலி இருக்கணும்" என்று அப்பா முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

படகைச் செய்து கொடுத்தவர் ஏலக்காய்ப் பெட்டி செய்யும் ஆசாரி ஒருவர். அவரும் கப்பலைப் பார்த்ததில்லை. நான் வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆத்தா, மாட்டுத் தொட்டின்னா தண்ணி உள்ள நிக்கணும். இதுல வெளிய நிக்கணும். அம்புட்டுத்தான சோலி?"

"அம்புட்டுத்தான் ஆசாரி."

எட்டடி நீளத்தில், தார் பூசி, முன்பக்கம் 'முருகன் துணை' என்று எழுதி அருமையாகச் செய்து தந்தார். விசிறியைப் பட்டறையில் தகடு வெட்டி ஒட்டவைத்தேன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்சுற்றை நானே செய்தேன். அதன் உயிர், தைரிஸ்டர் என்கிற சின்ன உலோகத் துண்டு. மின்சாரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்பும். குமிழைத் திருப்பினால் வேகம் ஏறும், திருப்பிக் கொண்டுவந்தால் நிற்கும். (அந்தக் குமிழை நான் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

மோட்டாருக்குத்தான் வழியில்லை. கல்லூரி மோட்டார்களை நாலு பேர் தூக்க வேண்டும். பேட்டரியில் ஓடுகிற, சின்னதாக, ஆனால் வெறிபிடித்த பலத்தோடு ஒரு மோட்டார் வேண்டும். அப்படி ஒன்று எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது, என் அண்ணனின் ஜீப்புக்குள்.

பாண்டி அண்ணன் தினமும் விடிகாலையில் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஓட்டுகிறவர். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் ஜீப்பைத்தான் தொட்டுக் கும்பிடுவார். சாவியைத் திருப்பினால் எஞ்சினை உலுக்கி எழுப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் நான் கேட்டேன். என்னவோ அவருடைய ஈரலைக் கேட்டதுபோல் பார்த்தார்.

"ஏ புள்ள, அது ரெண்டு செகண்டு சுத்துற சாமான். அத வச்சுக் கப்பல் ஓட்டப் போறியா?"

"ஒரு மணி நேரம்ணே. கழட்டுன மாதிரியே மாட்டித் தந்துர்றேன்."

"எனக்குச் சரியாப் படல" என்றார். ஆனால் கொடுத்தார். தங்கச்சிக்கு வேலை கிடைத்தால் கல்யாணச் செலவு தள்ளிப் போகும் என்கிற கணக்கு அவருக்கும் இருந்திருக்கலாம்.

அது கடுங்கோடை. கீழே ராசிங்காபுரம் பக்கத்துக் கண்மாய் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் இருந்தது மலைமேல் தோட்டத்துக் குளத்தில் மட்டும்தான். முந்தின நாளே படகை ஜீப்பின் தலையில் கட்டி ஏற்றிவிட்டோம். வழிநெடுக, எதிரே வந்த பஸ்சுக்காரர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். ஒரு டிரைவர் கேட்டே விட்டார். "என்னப்பா பாண்டி, மேல வெள்ளமா?"

மறுநாள் காலை பேராசிரியரும் கமாண்டரும் அண்ணனுடைய ஜீப்பிலேயே வந்து இறங்கினார்கள். கமாண்டர் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை மீசை. தோட்டத்து முற்றத்தில் அவர்கள் பால் இல்லாத கட்டன் காப்பி குடித்துக்கொண்டிருக்க, நான் ஜீப்புக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் கழற்றினேன். அண்ணன் பக்கத்திலேயே குத்தவைத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், ஆபரேஷன் அறைக்குள் அனுமதிக்கப்பட்ட சொந்தக்காரர் மாதிரி.

படகில் இருவருக்குத்தான் இடம். பேராசிரியரை உட்காரச் சொல்லலாம் என்று நினைத்தேன். கமாண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு முந்திக்கொண்டார்.

"எத்ர காலமாச்சு ஒரு கப்பலில் ஏறி! ஞான் திருப்புறேன். மோளு வேகத்தைப் பார்த்துக்கோ."

சுக்கான் கட்டையை அவர் பிடித்துக்கொண்டார். நான் குமிழோடு உட்கார்ந்தேன். மெல்லத் திருப்பினேன். படகு புறப்பட்டது.

நம்புங்கள், முதல் மூன்று நிமிடம் அது உலகத்திலேயே அழகான கப்பல். சத்தமே இல்லை. வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சன்ன ஒலி மட்டும். தண்ணீர் பின்னால் வகிடு எடுத்ததுபோல் பிரிந்தது. கமாண்டர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கொள்ளாம் மோளே, நல்லா கொள்ளாம்!" என்று மெச்சினார். என் மனதில் வேலை ஆர்டரை மூன்றாய் மடித்து அப்பா முன்னால் வைத்தாயிற்று.

அப்போதுதான் மேலேயிருந்து மஞ்சு மூட்டம் இறங்கியது. மலையில் மதியத்துக்கு முன்னாலேயே பஞ்சுப் பொதிபோல் வந்து மூடும், கூடவே சாரலும் வரும். மதுரை வெயிலில் செய்த என் மின்சுற்றுக்கு மூடி கிடையாது. 'டப்' என்று ஒரு சத்தம். தைரிஸ்டர் போயிற்று. அது போனால் மின்சாரம் நின்றுவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது போகும்போது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஜாதி. நறுக்காத முழு மின்சாரமும் மோட்டாருக்குள் பாய, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறியது.

"ஸ்லோ!" என்றார் கமாண்டர்.

"பண்றேன் சார்!" குமிழைத் திருப்பினேன்.

"ஸ்டாப்!"

"பண்றேன் சார்!" குமிழ் கையோடு வந்துவிட்டது.

"சுவிட்ச் எவிடே மோளே, சுவிட்ச்?"

"எந்த சுவிட்ச் சார்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆம், நான் சுவிட்ச் வைக்கவில்லை. குமிழைத் திருப்பினால் நிற்கும்போது சுவிட்ச் எதற்கு என்று இருந்துவிட்டேன். போர்க்கப்பலை ஓட்ட நூறு யோசனை செய்தவள், நிறுத்துவதற்கு ஒரு யோசனையும் செய்திருக்கவில்லை.

கரையில் மோதாமல் இருக்கக் கமாண்டர் படகை வட்டமடிக்க விட்டார். முதல் சுற்றில் கரையில் நின்ற பேராசிரியர் கைதட்டினார். இதுவும் செய்முறையில் சேர்த்தி என்று நினைத்தாராம். இரண்டாம் சுற்றில் அண்ணன் கத்தினார்.

"போதும் நிறுத்து புள்ள! ஸ்டார்ட்டரு கருகிரும்!"

"ஸ்பேனர வீசுண்ணே! வயரக் கழட்டணும்!"

மூன்றாம் சுற்றில் வீசினார். ஸ்பேனர் எங்கள் தலைக்கு மேலே பறந்து குளத்தின் நட்டநடுவில் விழுந்தது. நான்காம் சுற்றில் படகின் அடியிலிருந்து புகை வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கமாண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, படகை நாணல் வளர்ந்த சேற்று ஓரமாகச் செலுத்தினார். ஏறிச் செருகி நின்றது. விசிறி மட்டும் நிற்கவில்லை. உதவ ஓடிவந்த பேராசிரியர் மேல், கண்ணாடியிலிருந்து பெல்ட் வரைக்கும் சேற்றை வாரி அடித்தது.

குளத்தின் மறு ஓரத்தில் சாக்கு அலசிக்கொண்டிருந்தவர் பேச்சியம்மா. தோட்டத்தில் களையெடுக்கிறவர். இடுப்பில் செருகியிருந்த அருவாளை உருவிக்கொண்டு, குறுக்கே தண்ணீருக்குள் நடந்தே வந்தார். குளம் அவருக்கு இடுப்பளவுதான் இருந்தது. (அதுவரை நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு முடித்திருந்தேன்.)

"எத வெட்டணும் தாயி?"

"வயர! செவப்பு வயர!"

"எல்லாம் சேறாக் கெடக்கு, செவப்ப எங்கிட்டுப் போய்ப் பாக்க?"

ஒரே போடு. இரண்டு வயரும் சேர்ந்தே அறுந்தன. மின்னல் வெட்டியதுபோல் ஒரு பொறி. அப்புறம் பத்திரிகையில் படித்த அந்த அமைதி.

பேச்சியம்மா அருவாளைத் தூக்கிப் பார்த்தார். "இங்கன பாரு, அருவாளுக்குப் பல்லு மொளச்சிருச்சு" என்றார்.

ஸ்டார்ட்டர் கரிக்கட்டையாகிவிட்டது. பேட்டரியிலும் உயிரில்லை. டீசல் ஜீப் என்பதால் தள்ளினால் கிளம்பும். ஆனால் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று அண்ணன் அதை மரியாதையாகச் சமதளத்தில், முற்றத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். எல்லோரும் தள்ளினோம். வெள்ளை எல்லாம் மண்ணிறமாகிப்போன கமாண்டர்தான் முன்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, தள்ளு!" என்று உத்தரவு போட்டார். இறக்கம் வந்ததும் ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது.

மூணாறு பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு, சேற்றைக் கழுவக் கமாண்டரும் எங்களோடு மலை இறங்கினார். எனக்குச் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. (நான் தாவணியில் இருந்தேன், அது பத்தாது.) அடிவாரத்தில் முந்தல் வந்தபோது கமாண்டர்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த கப்பலில் முதலில் எந்தா வைக்கும்?"

"சுவிட்ச் சார்."

"எத்ர?"

"மூணு சார். ஒண்ணு கரையில."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பேராசிரியர் கண்ணாடிச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு புது ஸ்டார்ட்டர் மதுரையிலிருந்து வருகிறவரைக்கும் அவர் போடி ஊருக்குள் எங்கே மேடு இருக்கிறது என்று தேடித்தேடி ஜீப்பை நிறுத்தினார். ஏறுகிற ஆளெல்லாம் முதலில் தள்ளிவிட்டுத்தான் ஏற வேண்டும். தள்ளியவர்கள் எல்லாம் யாரால் தள்ளுகிறோம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அந்த வாரத்தில்தான் போடிக்கு நான் பிரதிநிதி ஆனேன்.

திட்ட அறிக்கையில் ஓடியது எப்படி என்று நாலு பக்கமும், நிற்காதது ஏன் என்று பதினெட்டுப் பக்கமும் எழுதினேன். பேராசிரியர் அதை அப்படியே கமாண்டருக்கு அனுப்பி வைத்திருக்கிறார். படிப்பு முடிந்த மறு மாதம், அப்பா ஜாதகத்தைக் கையில் எடுத்த அதே வாரத்தில், நேர்முகத் தேர்வுக்கு ஓலை வந்தது. போனேன், சேர்ந்தேன். மின்சாரத்தில் ஓடும் கப்பல்களுக்காக அங்கே பல பிரிவுகள் இருந்தன. மோட்டார் பிரிவு கிடைக்கும் என்று ஆசையோடு போன என்னை, கோளாறு வந்தால் கண்மூடித் திறப்பதற்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகள் செய்யும் பிரிவில் போட்டார்கள். கமாண்டரே சொல்லிப் போட்டதாம். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். நான் சேர்ந்து செய்த எந்தக் கருவியும் ஒரு தடவைகூட நிறுத்தாமல் விட்டதில்லை. இதை அகம்பாவம் என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வீட்டில் இதற்கெல்லாம் மதிப்பில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு, பாண்டி அண்ணன் மாப்பிள்ளையின் காதில் குனிந்து, "மாப்ளே, கவனமா இருங்க. இவ கெளம்புனா நிறுத்த முடியாது. அவசரம்னா பேச்சியம்மாவக் கூப்புடணும்" என்றார். யார் அந்தப் பேச்சியம்மா என்று விசாரித்து மாப்பிள்ளை முழுக் கதையையும் தெரிந்துகொண்டதுதான் வினையாகப் போயிற்று.

போன வாரம் அண்ணனுக்குச் சர்க்கரை கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டு போனில் அழைத்தேன். மாத்திரை, நடை, இனிப்பு என்று அரை மணி நேரம் விடாமல் பேசியிருப்பேன் போலிருக்கிறது. மறுமுனையில் அண்ணன், இந்தப் பக்கம் சோபாவில் என் கணவர், இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஏய், யாராச்சும் வெரசா பேச்சியம்மாவக் கூப்புடுங்கப்பா!"