இரண்டேகால் கிலோ துப்பாக்கி

"துப்பாக்கி உங்களுதுதானே?" என்று கேட்டார் வனக்காவலர் அருண்பாண்டியன்.

வேறு எந்தக் காலையில் இப்படிக் கேட்டிருந்தாலும் கோதண்டம் நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். அந்த ஏர்கன்னின் பெருமையை அவர் வாயால் கேட்காத ஆள் கே.ஜி.கண்டிகையில் கிடையாது. மாந்தோப்புக்கு வரும் குரங்குகளை விரட்டுவதற்காகச் சென்னைக்கே போய் வாங்கி வந்தது. தோளில் அணைக்கும் கட்டை மரமில்லை, ஃபைபர். லைசென்ஸ் தேவையில்லை. மொத்த எடையே இரண்டேகால் கிலோ. ரேஷன் கடைத் தராசில் வைத்து ஊரறிய நிறுத்துக் காட்டியிருக்கிறார். "கைக்குழந்தை மாதிரி தூக்கலாம். வெச்ச குறி தப்பாது" என்று அவர் பேசிய வீடியோ விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் கிளம்பி ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய் வந்தது.

ஆனால் அருண்பாண்டியன் காக்கிச் சட்டையில் வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆங், என்னுதுதான். இன்னா விஷயங்க?"

"நேத்து காலையில ஒரு குரங்குக்கு ஏர்கன் குண்டு பட்டிருக்கு, பின்தொடையில. டாக்டர் குண்டை எடுத்துட்டாரு, அது எகிறிக் குதிச்சு ஓடிப்போச்சு. ஆனா கேஸு கேஸுதான். நாளைக்குக் காலையில ரேஞ்சர் மேடம் இங்கயே வராங்க. அவங்க எதிர்ல நீங்க சுட்டுக் காட்டணும்."

"சுட்டுக் காட்டணுமா? எதுக்கு?"

"அதை மேடம்தான் சொல்லணும்" என்று பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கோதண்டம் திண்ணையில் பொத்தென்று உட்கார்ந்தார். நேற்றுக் காலை அவர் சுட்டது வாஸ்தவம்தான். ஆனால் குரங்கை அல்ல. ரோட்டோரக் கல்தூண் மேல் ஒரு பெயின்ட் டப்பாவை வைத்து, அதைத்தான் சுட்டார். டப்பா வைத்தது வைத்தபடி நின்றது. குண்டு எங்கே போனது என்பது மலை மேல் இருக்கும் முருகனுக்கே வெளிச்சம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்கி நாலு வருஷமாகியும் அந்தத் துப்பாக்கியால் கோதண்டம் எதையும் அடித்ததில்லை. ராமனுடைய வில்லின் பெயரை அப்பா ஆசை ஆசையாக வைத்தார்; பெயரோடு சரி. விசையை அழுத்தியதும் அந்த இரண்டேகால் கிலோவும் கையில் ஒரு துள்ளு துள்ளும், குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் வருஷம் சத்தத்துக்குப் பயந்து ஓடிய குரங்குகள் இப்போது தலையைக்கூடத் திருப்புவதில்லை. இந்த ரகசியம் குரங்குகளுக்கும் மனைவி தேவகிக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு தரப்புமே வெளியில் சொன்னதில்லை.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் தேவகி. "நாளைக்கு அந்தம்மா எதிர்ல எப்பவும் போல சுடுங்க. எதுலயும் படாது. இந்த மனுசனா குரங்கைச் சுட்டாருன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

"எப்பவும் போலன்னா?"

"எப்பவும் போலன்னா எப்பவும் போலதான்."

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், கட்டிய மனைவி இப்படி முகத்துக்கு நேரே சொல்லலாமா? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். தேவகி சொன்ன விஷயத்தையே கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வழியிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. டீக்கடையில் நாலு பேர் காதில் 'இப்போ கொஞ்ச நாளா துப்பாக்கி சரியில்லை' என்று போட்டுவைத்தால், நாளைக்கு ரேஞ்சர் விசாரிக்கும்போது ஊரே சாட்சி சொல்லும்.

டீக்கடையில் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோப்புக்காரர். விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது.

"இன்னா கோதண்டம், குரங்கை அடிச்சுட்டியாமே! ஏழு வருஷம் உள்ள போடுவாங்களாம்பா."

"நான் இன்னாத்துக்கு அடிக்கறேன்? துப்பாக்கி இப்போ கொஞ்ச நாளா..."

"தெரியும், தெரியும். நீ நெனச்சிருந்தா நெத்தியில அடிச்சிருப்பே. பாவம் பார்த்து தொடையில அடிச்சு வுட்டிருக்கே. ஊர்ல எல்லாரும் அதைத்தான் பேசிகினு இருக்காங்க. கோதண்டத்துக்கு இன்னா மனசுன்னு."

கடையிலிருந்த அத்தனை பேரும் மரியாதையோடு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீ போடுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். 'துப்பாக்கி சரியில்லை' என்ற வார்த்தை கோதண்டத்தின் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

"நெத்தி இன்னா நெத்தி" என்றார், தன்னையும் அறியாமல். "எந்தக் கண்ணுன்னு சொல்லு, அந்தக் கண்ணுல படும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. சாட்சி தேடி வந்தவர் தனக்கு எதிராகவே எட்டுப் பத்து சாட்சிகளைத் தயார் செய்துவிட்டு, டீயைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்தார்.

இனி ஒரே வழி கரீமுல்லாதான் என்று தோன்றியது. திருத்தணி பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் கரீமுல்லா அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். டிராக்டரிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் எதைக் கொடுத்தாலும் சரி செய்து கொடுப்பவர். கோதண்டம் துப்பாக்கியை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார்.

விஷயத்தையெல்லாம் கேட்டுவிட்டுக் கரீமுல்லா, "சரி, நான் இப்போ இன்னா பண்ணணும்?" என்றார்.

"குழலைக் கொஞ்சம் வளைச்சுக் குடுத்துடு பாய். குறி தப்பணும்."

"நீ வேணும்னே தப்பா சுட்டா ஆச்சு. அதுக்கு எதுக்கு குழலை வளைக்கறது?"

கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தினார். இந்த நேரத்திலும் அவரால் முடியவில்லை. "என் கை கேக்காது பாய். நாலு வருஷப் பழக்கம். நானே தப்பா சுடணும்னு நெனச்சாலும் சரியாத்தான் போய்ப் படும்."

கரீமுல்லா துப்பாக்கியை வாங்கி மடக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், காதருகே வைத்துக் குலுக்கியும் பார்த்தார். "சாயங்காலம் வந்து எடுத்துக்கோ" என்றார்.

சாயங்காலம் போனபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "நாளைக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ரேஞ்சர் அனிதாவின் ஜீப் வந்து நிற்கும்போது தோப்பில் திருவிழாக் கூட்டம். ராஜமாணிக்கம் டீக்கடையையே திரட்டி அழைத்து வந்திருந்தார். அனிதா இளம் வயதுக்காரர், அதிகம் பேசாதவர். வந்ததும் துப்பாக்கியை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார்.

"ரொம்ப லைட்டா இருக்கே."

"ரெண்டேகால் கிலோதாங்க மேடம்" என்றார் கோதண்டம். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் குரலில் பெருமை வந்துவிட்டது.

அதற்குள் தேவகி முன்னால் வந்தாள். அவளுக்கு ஊர் கௌரவம் முக்கியமில்லை, புருஷன்தான் முக்கியம்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லிடறேன். இவரால ஒரு டப்பாவைக்கூட அடிக்க முடியாது. நாலு வருஷமா நான் பார்த்துகினு இருக்கேன். எதிர்லயே தண்ணித் தொட்டி இருந்தாலும் அதுல படாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கோதண்டத்துக்குக் காது மடல் சூடாகியது. ஆனால் ரேஞ்சரின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"அப்படியா? படலைன்னா குண்டு எந்தப் பக்கம் போகும்?"

"அது போற பக்கமெல்லாம் போகும் மேடம். ரோட்டுப் பக்கம்தான் ஜாஸ்தி."

ரேஞ்சரும் அருண்பாண்டியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேஞ்சரின் உதட்டில் சிரிப்பு. ஊரார் முன்னால் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று கோதண்டம் குன்றிப் போனார். இருந்தாலும், கேஸிலிருந்து தப்பித்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கல்தூண் மேல் அதே பெயின்ட் டப்பாவை வைத்தார்கள். ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொன்னார் ரேஞ்சர். "மூணு தரம் சுடுங்க. நிதானமா, நல்லா குறி பார்த்து."

குழல் வளைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் கோதண்டம் எந்தக் கவலையும் இல்லாமல் நிதானமாகவே குறி பார்த்தார். நெற்றியில் வியர்வைகூட இல்லை. மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினார்.

'டங்' என்றது டப்பா. புரண்டு கீழே விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. கோதண்டம் துப்பாக்கியைப் பார்த்தார், கரீமுல்லாவைப் பார்த்தார். கரீமுல்லா நெருங்கி வந்து காதோடு சொன்னார்.

"மன்னிச்சுக்கோ நைனா. குழல் சேர்ற இடத்துல ஸ்க்ரூ லூசா கெடந்துச்சு. வளைக்கத்தான் கையில எடுத்தேன். என் பட்டறைக்கு வந்த சாமான் கெட்டுப்போய் வெளிய போனா நான் மெக்கானிக்கா? டைட் பண்ணிட்டேன். நீதான் வேணும்னே தப்பா சுடேன்."

டப்பாவை எடுத்து மறுபடியும் தூண் மேல் வைத்தார் அருண்பாண்டியன். தேவகி கூட்டத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி, தள்ளிச் சுடு, தள்ளிச் சுடு என்று ஜாடை காட்டினாள்.

தள்ளிச் சுடுவது ஒன்றும் கஷ்டமில்லை. குழலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினால் போதும். திருப்பினால் வீடு, திருப்பாவிட்டால் ஜெயில். கோதண்டத்துக்கு இது நன்றாகவே தெரிந்தது. திருப்பவும் செய்தார்.

அப்போது ராஜமாணிக்கம் பக்கத்து ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது. "மொத குண்டு குருட்டாம்போக்குல பட்டிருக்கும். சம்சாரமே சொல்லிடுச்சே."

குழல் தானாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. நாலு வருஷம் எத்தனை பொய் சொல்லியாகிவிட்டது! ஒரே ஒரு நாள், அதுவும் ஊரே பார்க்கும்போது, அதெல்லாம் மெய்யாவதற்குக் காத்திருக்கிறது. ஜெயிலுக்குப் போனால் திரும்பி வந்துவிடலாம். இந்த நாள் திரும்பி வருமா?

'டங்!'

இந்த முறை விசில் பறந்தது. ரேஞ்சரின் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை. கீழே கிடந்த ஒரு பிஞ்சு மாங்காயை எடுத்து அருண்பாண்டியனிடம் கொடுத்தார். "இதை வெச்சுப் பார்ப்போம்."

தூண் மேல் மாங்காய் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. தேவகி முகத்தைப் பொத்திக்கொண்டாள். கோதண்டம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கைக்குழந்தையை அணைப்பதுபோலத் துப்பாக்கியைத் தோளில் அணைத்தார். இந்த முறை அது துள்ளவில்லை. மாங்காய் இரண்டாகத் தெறித்தது.

ராஜமாணிக்கம் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கோதண்டத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அது சந்தோஷமா பயமா என்று கேட்டால் அவர் தயங்காமல் சந்தோஷம் என்றுதான் சொல்லியிருப்பார். துப்பாக்கியைக் கரீமுல்லா கையில் கொடுத்துவிட்டு, ராஜநடையாக ரேஞ்சரின் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"கேஸ் போட்டுக்கோங்க மேடம். ஏழு வருஷமோ எட்டு வருஷமோ, பார்த்துக்கலாம். ஆனா எழுதும்போது மூணு குண்டும் பட்டுதுன்னு தெளிவா எழுதிடணும். ஊர்ல நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

"ஐயோ, புத்தி கெட்டுப் போச்சு இந்த மனுசனுக்கு!" என்று தேவகி ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "மேடம், நம்பாதீங்க மேடம்! நான் சொன்னதுதான் நெசம். இவரு துப்பாக்கியில எதுவுமே படாது!"

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "நானும் அதை நம்பித்தாம்மா வந்தேன்" என்றார் சோர்வாக. "என் டைம்தான் வேஸ்ட். போலாம் அருண், அடுத்த தோப்பைப் பார்க்கலாம்." போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நீட்டிய கை நீட்டியபடி நின்ற கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைவிட அவமானமாக இருந்தது. இவ்வளவு நன்றாகச் சுட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டுப் போவதா? ஜீப்பின் பின்னாலேயே ஓடினார்.

"தம்பி, இருப்பா! மூணுக்கு மூணும் அடிச்சிருக்கேன். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எவனுக்காவது இந்தக் குறி வருமா? என்னைக் கூட்டிகினு போகாம வேற யாரைத் தேடிகினு போறீங்க?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அருண்பாண்டியன் வெளியே தலையை நீட்டினார்.

"குறி தெரிஞ்ச மனுசன் எவனாவது, மேடம் உள்ள குந்திகினு இருக்கும்போதே முந்தாநேத்து ரோட்டுல நின்ன ஃபாரஸ்ட் ஜீப்பு மேல இருந்த குரங்கைச் சுட்டிருப்பானா? நாங்க தேடிகினு இருக்கறது குறி தப்புற துப்பாக்கியைங்க!"