என் மாடி வெயிலைப் பற்றி

வல்லம் வடகால்,
வைகாசி, செவ்வாய்க்கிழமை.

தம்பி திருமலைக்கு அண்ணன் நரசிம்மன் எழுதுவது.

நீ என் வெயிலை எடுத்துக்கொண்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன், விசாரித்த பிறகு சொன்னால் உனக்கு உறைக்காது. இங்கே நான் நலம், உன் அண்ணி கங்கா நலமில்லை, நீ நலமாக இருப்பது சுவரைத் தாண்டி வரும் டிவி சத்தத்திலேயே தெரிகிறது. பக்கத்து வீட்டுக்குப் பதிவுத் தபாலா என்று தபால்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பேச்சு வார்த்தை வேண்டாமென்று ஆரம்பித்தது நீ, கடைப்பிடிப்பது நான்.

நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் பேப்பரைத் தலைப்பிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படிப்பவன். உலகம் கரியை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாறுகிறது என்று படித்தேன். இரண்டாயிரத்து எழுபதுக்குள் கரிப்புகைக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவதாக நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அமெரிக்கா அந்தப் பருவநிலை ஒப்பந்தத்தில் சேர்ந்தது, விலகியது, மறுபடி சேர்ந்தது, மறுபடி விலகியது. நம் சித்தப்பா கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருவாரே, அதைப் போல. அவர்களை நம்பிப் பயனில்லை, நம் பங்கை நாம் செய்வோம் என்று அரசு மானியத்தில் மாடியில் சோலார் தகடு போட்டேன். நுரையீரல் சுருங்கிப்போன உன் அண்ணிக்கு ஆக்சிஜன் மிஷின் இரவும் பகலும் ஓடுகிறது. அது நின்றால் மூச்சும் நிற்கும். அந்த மூச்சை வெயிலில் ஓட்டுவது என் திட்டம். அரசாங்கத்தின் திட்டமும் அதேதான், அண்ணியின் பெயரைக் குறிப்பிடவில்லை, அவ்வளவே.

அந்த நேரம் பார்த்து நீ உன் வீட்டுக்கு மேலே நடத்தும் ஹாஸ்டலுக்கு மூன்றாவது மாடி எழுப்பினாய். யாருக்கு? தொழிற்பேட்டையில் சோலார் தகடு செய்யும் கம்பெனிக்கு வந்த பெண்களுக்கு! சோலார் தகடு செய்கிறவர்கள் படுத்துத் தூங்குவதற்காக என் சோலார் தகடு இருட்டில் கிடக்கிறது. மதியம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உன் சுவரின் நிழல் என் மாடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் துணிக்கொடி. போன மாதம் ஒரு துப்பட்டா பறந்து வந்து தகட்டின்மேல் படுத்துக்கொண்டது. எடுக்க வந்தவள் தங்கமாரி என்கிற தென்காசிப் பெண்.

"தாத்தா, ஒரு மூலையில நிழல் விழுந்தாலே மொத்த வரிசையும் படுத்துரும். எங்க லைன்ல சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு" என்றாள்.

"இதை உங்க ஓனருகிட்ட சொல்லும்மா."

"சொல்லாம இருப்பனா? அவரு அண்ணன் மண்டைக்கு நிழல்தான் நல்லதுன்னுட்டாரு."

இப்படி ஒரு வார்த்தையை ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். மின்சார ஆபீசுக்குப் போனேன். "தகடு போட ரூல் கீது பெருசு, நெழலுக்கு ரூல் இல்ல" என்றார்கள். பஞ்சாயத்துக்குப் போனேன். "வெயிலுக்குப் பட்டா வச்சிக்கீறியா?" என்று கேட்டு, கேட்டவரே சிரித்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வெயில் இருக்கையில் பேட்டரி எதற்கு என்று பழைய இன்வெர்ட்டரைக் காயலான் கடையில் போட்டிருந்தேன். அது சரியான முடிவுதான். போன வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கரண்ட் போனது. உன் நிழல் அப்போது இன்னும் வந்திருக்கவில்லை, நியாயமாகச் சொல்கிறேன். தகட்டில் கை வைத்தால் கொப்பளிக்கும், அப்படிப்பட்ட வெயில். ஆனால் கீழே மிஷின் கூவிக்கொண்டே நின்றுவிட்டது. கையிருப்பு ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. அண்ணியின் உதடு நீலம் பாய்ந்தது. நான் மேலே ஓடித் தகட்டுப் பெட்டியைத் தட்டினேன், கீழே ஓடி அவளுக்கு விசிறினேன், நடுப்படியில் நின்று லைன்மேனுக்குப் போன் போட்டேன்.

"லைன்ல கரண்ட் இல்லன்னா உன் தகடும் தானா நின்னுடும் பெருசு. இல்லாங்காட்டி அந்தக் கரண்ட் லைன்ல பாஞ்சி, கம்பத்துல ஏறுன நான் காலி. மாட்டும்போது சொல்லலியா?"

சொல்லியிருப்பார்கள். வெயில் அடிக்கும்போது வெயில் மிஷின் ஓடாது என்று சொன்னால் எந்த மனுஷன் நம்புவான்?

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த தங்கமாரி, என் கூச்சல் கேட்டு, உன் ஜெனரேட்டர் ஒயரை இழுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தாள். "டீசல் கரண்ட் என் வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்றேன். "தாத்தா, ஆச்சி செத்துருவா, அங்கிட்டு நகருங்க!" என்று என்னை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு பிளக்கைச் செருகினாள். மிஷின் ஓடியது, மூச்சு திரும்பியது. உலகமே கைவிடப்போவதாகச் சொல்லும் புகையில் என் மனைவி பிழைத்தாள். இந்த அவமானத்துக்கு நீதான் பொறுப்பு.

ஆகவே செய்ய வேண்டியவை. நீ மூன்றாவது மாடியை இடிக்க வேண்டும், தொட்டியை மேற்கே தள்ளி வைக்க வேண்டும். பெண்கள் துணியைக் கீழே காயப்போட வேண்டும். தங்கமாரி என்னைத் தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், அண்ணி அவளுக்கு அதிரசம் கொடுத்தனுப்பியது வேறு விஷயம். பஞ்சாயத்து வெயிலுக்குப் பட்டா வழங்க வேண்டும். மூச்சு மிஷின் இருக்கும் வீட்டுக்குக் கரண்ட்டை நிறுத்துமுன் மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்ட வேண்டும். தகட்டுக்கு மானியம் கொடுக்கும் டெல்லி பேட்டரிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்கா உட்கார்வதா எழுந்திருப்பதா என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டாயிரத்து எழுபது வரை உன் அண்ணியால் காத்திருக்க முடியாது, எனவே அனைவரும் இந்த ஆடிக்குள் முடித்துத் தர வேண்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு, இடித்த பிறகு.

இப்படிக்கு,
அண்ணன் நரசிம்மன்

பின்குறிப்பு: தம்பி, இது அண்ணி எழுதுறது. கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டு அவரு சட்டை மாத்திக்கினு இருக்காரு. நீ எதையும் இடிக்காத. நான் படுத்திருக்கிற ரூமு மத்தியானம் ஆனா அடுப்பு மாதிரி கொதிக்கும். உன் மாடி வந்தப்புறம்தான் அந்த நேரத்துல கொஞ்சம் கண்ணை மூட முடியுது. என் உசுரு ஐப்பசி தாண்டாதுன்னு டாக்டர் என்கிட்ட மட்டும் சொல்லிட்டாரு, உன் அண்ணனுக்குத் தெரியாது. அதுவரைக்கும் நெழல் இருக்கட்டும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எவ்ளோ வேணா சண்டை போடுங்க. ஆனா பேசிக்கினு போடுங்க.