மாடு மேய்ந்த மூங்கில்

ஓவியத்தைப் பார்த்து ரசிப்பவர்கள் உண்டு. ஒன்றும் புரியாமல் தலையாட்டுபவர்கள் அதைவிட அதிகம். ஆனால் படத்தை மென்று விழுங்கிய ரசிகர் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறார். அவருக்குக் கொம்பு இருந்தது.

சத்தியவேடு பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் ஆரம்பித்ததில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) டிகிரி முடித்து ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்த சீனப் பெண் லின், சாப்பாட்டு இடைவேளையில் தூரிகையைக் கறுப்பு மையில் தொட்டு, நாலு இழுப்பில் ஒரு மூங்கிலை நிறுத்திவிடுவாள். என் வயதுதான் அவளுக்கும்.

எனக்கும் சொல்லிக் கொடு என்றேன். பேனா பிடித்த கைக்குத் தூரிகை எம்மாத்திரம்? தாளில் வைத்தேன். மை பரவி, எருமை சாணி போட்ட மாதிரி ஆனது. லின் சிரித்த சிரிப்பில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. ஆனாலும் தினமும் பக்கத்தில் உட்கார வைத்து வரைய விட்டாள். தன் நாட்டுக்குத் திரும்பும்போது, இருந்ததிலேயே நல்ல தூரிகையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் மூங்கில்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கரும்பு நல்லா வந்துகீதே" என்பாள்.

திருப்பதியில் ஓர் ஓவியக் கூடம், புதியவர்களின் படங்களைக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்போவதாகத் தெரிந்தது. அம்மா பேரம் பேசினாள்: "எடுத்துக்கினாங்கன்னா வரைஞ்சிக்கினே இரு. இல்லன்னா அந்தக் குச்சிய பரண்ல போட்டுட்டு, நாங்க சொல்ற மாப்பிள்ளையப் பாரு." சரி என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் மேல்!

இந்த ஓவியத்துக்கான தாள் மிக மெல்லியது. பின்னால் இன்னொரு தாளை ஒட்டினால்தான் சுருக்கம் நீங்கி விறைப்பாக நிற்கும். கோதுமை மாவுப் பசை போடு என்று லின் சொல்லியிருந்தாள். நான் மைதாவைக் காய்ச்சி, பிடிமானத்துக்கு அரிசிக் கஞ்சி சேர்த்து, அதுவும் போதாதென்று வெல்லப்பாகும் ஊற்றினேன். (யோசனை என்னுடையதேதான். யாரையும் பழி சொல்ல முடியாது.)

மறுநாள் அப்பாவோடு (எங்கள் ஊர்ப் பேச்சில் நைனா) திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். கூடத்து வாசலில் சுருளைத் தொட்டால் இன்னும் ஈரம். நைனா டீ வாங்கப் போனார். நான் படத்தை விரித்து, வெயில் படும் காம்பவுண்டுச் சுவரில் தொங்கவிட்டு, மேலே கல்லை வைத்துக் காவலுக்கு நின்றேன்.

எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "ஏம்மா, பாதி பேப்பர் சும்மாவே கீதே, முடிக்கலியா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். சுவருக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து நின்று, பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"அது சும்மா இல்லக்கா. அந்த வெற்றிடம்தான் படத்துக்கு உயிரு. அங்கதான் காத்து இருக்குது, மூடுபனி இருக்குது..."

"அப்பிடியா?" அக்காவின் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று. "உயிரு ஜாஸ்தியாய்க்கினே போவுதும்மா. மாடு துன்னுது பாரு!"

திரும்பினேன். வெள்ளை மாடு ஒன்று, படத்தின் கீழ்ப் பாதியை முடித்துவிட்டு, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. தண்டு இல்லை, வேர் இல்லை, கையெழுத்து இல்லை. வாயோரத்தில் ஓர் இலை மட்டும் தொங்கியது. பிடித்து இழுத்தேன். அதுவும் இழுத்தது. அது ஜெயித்தது.

நைனா டீயோடு வந்து, என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். நான் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தேன். மிச்சத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நேராக உள்ளே அழைத்துப் போனார். தேர்வு செய்யும் அம்மையார் முன்னால் அதை விரித்தார்.

"மேடம், எம் பொண்ணு மூங்கில் வரைஞ்சாம்மா. மாடு நெஜம்னு நெனச்சி துன்னுட்ச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். பிறகு மேசையைக் காட்டி, "தூரிகை கொண்டு வந்திருக்கியாம்மா? இங்கேயே ஒண்ணு வரை" என்றார்.

லின் கொடுத்த தூரிகையைப் பையிலிருந்து எடுத்து மையில் தொட்டேன். மூங்கில் வரவே இல்லை. கண்ணுக்குள் நின்றது அந்த மாடுதான். முதுகுக்கு ஒரு கோடு, கழுத்துக்கு ஒரு கோடு, மூடிய கண், வாயோரத்தில் ஓர் இலை. மீதித் தாளை வெறுமையாக விட்டேன். இந்த முறை விளக்கம் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

எடுத்துக்கொண்டார்கள். தொங்கவிட்டது குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே என்றாலும், தாகம் எடுத்தவர்கள் எல்லோரும் என் படத்தைப் பார்த்தார்கள். தூரிகை பரணுக்குப் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுக்கிறேன். வீட்டில் ஒவ்வொரு படம் முடிந்ததும் அம்மா கேட்பது ஒன்றுதான்: "மாட்டுக்குக் காட்டினியா?"

பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "கல்யாணத்துக்கு முன்ன உங்க நைனா புத்தூர்ல சினிமா போஸ்டர் ஒட்டினவரு. ராவெல்லாம் ஒட்டுவாராம், விடிஞ்சா பசைக்காக மாடு மொத்தத்தையும் உரிச்சித் துன்னுட்டுப் போவுமாம்."

சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டேன். நான் ஊற்றிய வெல்லப்பாகு ஞாபகம் வந்தது.

போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் நைனா வழக்கம்போல ஆரம்பித்தார்: "எம் பொண்ணு வரைஞ்ச மூங்கில, மாடு நெஜம்னு நெனச்சி..." பக்கத்து இலைக்காரர் நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன். "நெஜம்னுதான் நெனச்சிக்கினு துன்னுச்சி."