ஓடைப்பட்டியில் நான் கழுவிய கால்கள்

கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் பயப்பட வேண்டிய ஆள் மாப்பிள்ளையின் அப்பா அல்ல, பெண்ணின் அண்ணன். அதிலும் அவன் கொஞ்சம் படித்தவனாக, புதிதாகப் பக்தி முற்றியவனாக இருந்துவிட்டால், சமையல்காரர் முதல் பாஸ்டர் வரை அவனுக்குப் பதில் சொல்லியே களைத்துப்போவார்கள். என் தங்கை எஸ்தரின் கல்யாணத்தில் அந்த அண்ணன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். உத்தமபாளையத்தில் கல்லூரி முடித்து, தேனியில் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார்கள். (நானும் நம்பினேன். அங்கேதான் வினை.) மாத்திரை அட்டையானாலும் வேதமானாலும் வீட்டில் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். வாசித்துச் சொல்கிறவனே அதை எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு தோரணை எனக்குள் வந்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோதுதான் அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் இந்துக்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள் போவோம். ஆனால் எனக்கென்று ஒரு கொள்கை இருந்தது. சடங்கு முடிகிறவரை மண்டபத்துக்கு வெளியே பைக்குகளுக்கு நடுவில் நிற்பேன். பந்தி போட்டதும் உள்ளே போவேன். இந்தக் கொள்கையில் எனக்கு வடை, பாயாசம் எதுவும் நஷ்டமானதில்லை. ஆனால் ஒரு கல்யாணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரியாமல் வளர்ந்துவிட்டேன்.

எஸ்தருக்குப் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். தேதி குறித்த மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் பாஸ்டர் பிரசங்கம் செய்தார். பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தே நடக்கவும் பேசவும் பழகுகிற மாதிரி, நாம் கடவுளைப் பார்த்துப் பழக வேண்டும், ஊரைப் பார்த்து அல்ல என்பதுதான் அதன் சாரம். நல்ல பிரசங்கம். அதில் கடைசிப் பகுதியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஊரைப் பார்த்து அல்ல.

அன்று மாலையே தடைச் சட்டங்கள் தொடங்கின. ஃப்ளெக்ஸ் பேனர் கூடாது. வெடி கூடாது. மேளம் கூடாது. ஆரத்தி கூடாது. வாசலில் வாழை மரம் கட்டலாமா என்று அப்பா கேட்டார். ஒரு நாள் யோசித்துவிட்டு அதுவும் கூடாது என்றேன். பாஸ்டரே ஒருமுறை, "தம்பி, மாலையாவது போடலாம்ல?" என்று தயங்கிக் கேட்டார். அவருக்காக மாலையை விட்டுக்கொடுத்தேன். (பாஸ்டருக்கே நான் சலுகை கொடுத்த காலம் அது.)

மிச்சமிருந்தது ராசாங்கம் மாமா.

அம்மாவின் ஒரே தம்பி. ஓடைப்பட்டியிலேயே கொடிக்கு மருந்தடிக்கிற வேலை. அப்பா முதுகு ஒடிந்து படுத்துக் கிடந்த வருஷத்தில், தன் வேலையையும் பார்த்து, அப்பாவின் வேலையையும் பார்த்து, எங்கள் அடுப்பு அணையாமல் வைத்திருந்தவர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு பெண்ணுக்கு எதுவும் நடக்காது. சேலை, மாலை, பழத்தட்டு எல்லாம் எடுத்து, மேளத்தோடு தெருவில் நடந்து வந்து நிற்பார்கள். மாமா அதற்காகத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனை தட்டு எடுக்கட்டும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க வாங்க. சீர் வேணாம்."

"ஏன் மாப்ள? மேளம் வேணாம்னா விட்ருவோம். சும்மா தட்டு மட்டும்."

"அது உலக வழக்கம் மாமா. நாங்க அதுல இருந்து வெளிய வந்துட்டோம்."

மாமாவும் அந்த உலகத்தில்தான் இருக்கிறார் என்பதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை. "சரி மாப்ள, படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மா போட்டுவந்த காப்பி அப்படியே இருந்தது.

அதன்பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. போன் போட்டால், தோட்டத்தில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவார். அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். எஸ்தர்தான் சொன்னாள்.

"அண்ணே, மாமா வந்து நிக்காம நான் கோயிலுக்குள்ள நடந்து வரமாட்டேன். அதுக்கும் வசனம் இருந்தா எடுத்து வாசி."

வசனம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு யோசனை கிடைத்தது. ஊரைப் பார்த்து நடப்பதை நிறுத்தியாயிற்று, இனிக் கடவுளைப் பார்த்து எதையாவது செய்ய வேண்டுமே? இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினார். நானும் எங்கள் ஓடைப்பட்டி சர்ச் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கால்களைக் கழுவுவேன். முதலில் அப்பாவோடு வேலை பார்க்கிற தோட்டத்து ஆட்களுக்கு. இப்படி ஒன்றை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கே பார்த்திருக்காது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெருவில் விளையாடுகிற பிள்ளைகூட என்னைத் தடுத்திருக்கும்.

கல்யாண நாள் காலை. பிளாஸ்டிக் பேசன் ஆண்டவருக்கு மரியாதையாக இருக்காது என்று, பக்கத்து வீட்டில் பித்தளைத் தாம்பாளமும் செம்பும் வாங்கிப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தேன். தோளில் புதுத் துண்டு. கோயில் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். தோட்டத்து ஆட்களின் வேன் வரும் என்று பார்த்தால், மாப்பிள்ளையின் கார் முதலில் வந்துவிட்டது.

காரிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. அந்தக் குடும்பத்தில் கல்யாணம் முடித்து வந்த இந்துப் பெண்மணி. நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறையச் சிரிப்பு. தாம்பாளத்தைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். முழங்காலில் இருந்த என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா, பொண்ணு வீட்ல முறையை விடல. வேதக்காரக, ஒண்ணும் செய்யமாட்டாகன்னு நம்மாளுக என்னென்ன பேசுனாக. ஏப்பா, கால நீட்டு. மச்சான் கழுவட்டும்."

மாப்பிள்ளை நல்ல பையன். பெரியவர்கள் சொன்னால் கேட்கிறவர். ஷூவைக் கழற்றி வலது காலைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். நான் என்ன செய்வேன்? வைத்த காலை எடுங்கள் என்றா சொல்வது? தண்ணீர் ஊற்றினேன். அந்தக் கணம் எங்கிருந்தோ ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவித்தான் அழைத்துவருவான், அதற்கு மாப்பிள்ளை வீட்டில் அவனுக்கு மோதிரம் போடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் எல்லாம் நான் பைக்குகளுக்கு நடுவில் அல்லவா நின்றிருக்கிறேன்?

மோதிரம் கொண்டுவரவில்லையே என்று பெரியம்மா தவித்துப்போனார். பிறகு தன் விரலில் கிடந்த சிவப்புக்கல் மோதிரத்தைக் கழற்றி, நான் வேண்டாம் வேண்டாம் என்று இழுக்க இழுக்க, என் சுண்டு விரலில் முட்டும்வரை ஏற்றிவிட்டார். வீடியோ எடுக்கிற தம்பி, "சார், இன்னொரு தடவ ஊத்துங்க, தண்ணி சரியா விழல" என்றான். இன்னொரு தடவை ஊற்றினேன்.

வாழை மரம்கூட வேண்டாம் என்றவன், பித்தளைத் தாம்பாளமும் செம்பும் குலவையும் மோதிரமுமாக, ஊர் வழக்கத்தில் ஒன்று குறையாமல் செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், எதிரே வெள்ளை அங்கியில் பாஸ்டர்.

எழுந்திருக்கவும் தோன்றாமல், நான் நினைத்தது வேறு என்று அவரிடம் குளறிக் குளறிச் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். (சிரிப்பை அடக்கினார் என்பது பிற்பாடு தெரிந்தது.)

"மாப்பிள்ளைக்கு மட்டும் கழுவுனா அது அவுக முறை தம்பி. எல்லாருக்கும் கழுவுனாத்தான் நீங்க நெனச்சது. ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு அவரே நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

அதற்குள் வேன் வந்துவிட்டது. திராட்சைக்கு அடிக்கிற மயில்துத்த மருந்து தோட்டத்து ஆட்களின் பாதத்தில் நீலமாக ஏறியிருக்கும். அது சோப்புக்குப் போகாது, நானோ தேய்த்தேன். பெண்கள் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆத்தாடி வேணாம்ப்பா என்று ஓடினார்கள். ஒருவர், கழுவியபிறகு மண்ணில்தானே நடக்கணும் என்று நியாயம் கேட்டார். இன்னொருவர் முட்டிவரை கழுவச் சொன்னார். தாம்பாளம் போதாமல் கடைசியில் பிளாஸ்டிக் பேசனே வந்தது. முதுகு நிமிரவில்லை. புதுச் சட்டையில் பாதி, ஓடைப்பட்டி மண்.

ஆனாலும் ஆராதனை ஆரம்பிக்கவில்லை. கோயிலின் பக்கவாட்டு அறையில் வெள்ளைச் சேலையில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்க மறுத்து. மாமா வரவில்லை. உள்ளே பாட்டுக் குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா வெளியே வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

டீக்கடை பெஞ்சில் மாமா இருந்தார். சலவைச் சட்டை, வேட்டி, மடியில் ஒரு மஞ்சள் பை. எப்போது வந்தாரோ, அங்கேயே இருந்திருக்கிறார். நான் ஊருக்கெல்லாம் கால் கழுவியதை முழுக்கப் பார்த்திருக்கிறார்.

பேசனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். தண்ணீர் தளும்பித் தளும்பி வேட்டி நனைந்தது. ஒரு பஸ் எனக்காக நின்றது.

"மாமா, உள்ள வாங்க."

"இருக்கட்டும் மாப்ள. இங்கன இருந்தே பாத்துட்டுப் போயிருதேன். ஒங்க காரியத்துல நான் குறுக்க வரக்கூடாதுல்ல."

குத்தல் இல்லை. நிஜமாகவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன்.

"ஏலே, விடு. எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும் மாமா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

வெடித்த குதிகால். வெடிப்புக்குள் எல்லாம் நீலம். எங்கள் அடுப்புக்காகவும் நடந்த கால். அதுவரை கழுவியதெல்லாம் ஏதோ செய்து காட்டியதுதான். இந்தக் காலைக் கழுவும்போது யாருக்கும் எதையும் காட்ட எனக்குத் தோன்றவில்லை. கண்ணீரும் பேசனில்தான் விழுந்தது. உள்ளங்காலைத் தேய்த்தேன்.

மாமாவுக்குக் கூச்சம் அதிகம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு துள்ளல். அடுத்து, அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்த மாதிரி ஒரு சிரிப்பு. கால் உதறியதில் பேசன் என் மடியில் கவிழ்ந்தது. விழாமல் இருக்க மாமா என் தலைமுடியைப் பிடிக்க, பெஞ்சு சாய, இரண்டு பேரும் அந்தச் சேற்றில். "விடுறா மாப்ள, விடுறா" என்று கத்திச் சிரித்தார். நான் காலை விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. கோயிலுக்குள் அம்மாவுக்குத் தம்பியின் சிரிப்பு கேட்டிருக்கிறது. பாட்டின் நடுவில் எழுந்து ஓடிவந்தவள், ரோட்டின் அந்தப் பக்கமே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பைக்குள்ள என்ன மாமா?" என்றேன்.

"சேலைதான். குடுக்காட்டியும் பரவால்ல, வெறுங்கையோட எப்படி வர்றது?"

அப்பா ஒரு பக்கம், ஈர வேட்டியோடு மாமா ஒரு பக்கம். எஸ்தர் நடுவில் நடந்துபோனாள். மாலை வரவேற்பில் அவள் உடுத்தியது மாமாவின் சேலை. மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றிப் பெரியம்மாவிடம் நீட்டினேன். முறையைத் திருப்பித் தரக்கூடாது என்று வாங்க மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதையாவது கூடாது என்று ஆரம்பித்தால் யாரும் வாதாடுவதில்லை. ஆளுக்கொரு காலை நீட்டிவிடுவார்கள். எஸ்தரின் மகனை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை அன்று, கேக் வெட்டக் கூடாது என்று வாயைத் திறந்தேன். ராசாங்கம் மாமா செருப்பைக் கழற்றினார். என் மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள். பெரியம்மா போடியிலிருந்து போன் செய்தால் முதல் கேள்வியே, பேசன் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான்.

எஸ்தரின் மகனுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே இருந்தாலும் ஓடிவந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் என் முன்னால் நீட்டுகிறான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மட்டும் சிரிப்பதில்லை. தாய்மாமன் என்றால் கால் கழுவிவிடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கேலி என்று அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல், போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன்.