கூரையில் சூரியனைக் கட்டிப்போட்டவர்

வாசகரே, உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகம் செய்துவைக்கிறேன்: தன் வீட்டுக் கூரையில் தன் கையாலேயே சோலார் தகடு பூட்டிக்கொண்ட மனிதர். அமெரிக்காவில் எங்கள் மேய்ன் மாநிலத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். "இன்னிக்கு நல்ல வெயில்" என்று பேச்சுக்குச் சொல்லிப் பாருங்கள். "எவ்வளவு நல்ல வெயில்னு நான் காட்டறேன்" என்று கைபேசியை எடுத்து, தன் கூரை காலையிலிருந்து எவ்வளவு மின்சாரம் கறந்தது, நேற்று எவ்வளவு, போன செவ்வாய் மேகம் வந்தபோது எவ்வளவு குறைந்தது என்று வரைபடத்தோடு விளக்க ஆரம்பித்துவிடுவார். நீங்கள் கிளம்பிய வேலை அன்றைக்கு நடக்காது.

எங்கள் தெருவில் அந்தப் பதவியை வகிப்பவர் வென்டல் தர்லோ. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு குளிர்காலம் முழுக்கக் காணொளி பார்த்தார். பனி உருகியதும் கூரையில் ஏணியைச் சாய்த்துவிட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்றார் மனைவி மார்ஜரி.

"அவன் வந்து என்ன பண்ணப்போறான்? சிவப்புக் கம்பிய சிவப்புல மாட்டுவான், கறுப்ப கறுப்புல மாட்டுவான். எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

மாட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே மாட்டினார். சோதிக்க வந்த அதிகாரி நிலவறையில் இருந்த இன்வர்ட்டர் பெட்டி வரைக்கும் கம்பிகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் அகப்படாத வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் வென்டலைக் கையில் பிடிக்க முடியுமா?

அந்த வீட்டில் சூரியன் வைத்ததுதான் சட்டம் என்று ஆனது. மேகம் இருந்தால் துணி துவைக்கக் கூடாது. மார்ஜரி ஆப்பிளை மாவுக்குள் வைத்து 'பை' பலகாரத்தைத் தயாராக்கி வைத்துக்கொண்டு, "இப்ப அடுப்பு போடலாமா?" என்று ஜன்னலில் இருந்து கத்துவார். "பொறு, அந்த மேகம் நகரட்டும்" என்று வாசலில் அண்ணாந்து நிற்கும் வென்டல் பதில் கத்துவார். இது குடித்தனமா, வானிலை ஆய்வு நிலையமா?

பக்கத்து வீட்டு டுவைன் பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தார். அதைப் பார்த்தாலே வென்டலுக்குச் சிரிப்பு. "இந்த ஓட்ட லாரிய எப்பப்பா கடாசப் போற? கரண்ட் போனா எங்க வீட்டுக்கு வந்துடு!" ஊர் கூடிச் சாப்பிடும் தேவாலயத்து பீன்ஸ் விருந்தில் எழுந்து நின்று ஊரையே அழைத்துவிட்டார். பேட்டரி வாங்கியாயிற்றா என்று யாரோ கேட்டார்கள். "சூரியனே கையில இருக்கு, பேட்டரி எதுக்கு?" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு யோகம் வேறு. மூஸ் மான் வேட்டைக்கு அரசு நடத்தும் குலுக்கலில், தலை நரைக்கும்வரை காத்திருந்தவருக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது. மானும் விழுந்தது. குதிரையைவிடப் பெரிய மிருகம். இறைச்சியை அடைத்த நிலவறை ஃப்ரீசரின் மூடியை மார்ஜரி மேலே உட்கார்ந்துதான் மூட வேண்டியிருந்தது. இன்னொரு மூஸ் இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

மறு வாரமே புயல் அடித்தது. மரங்கள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழ, ஊரே இருண்டது. வென்டல் மட்டும் குழந்தைபோல் சந்தோஷமாகத் தூங்கினார். விடிந்தால் பளீரென்று வெயில்; வாசலில், அழைப்பை மறக்காத ஊர்க்காரர்கள், சார்ஜ் இறங்கிய கைபேசிகளோடும் ஐஸ் இளகத் தொடங்கிய ஃப்ரீசர் கோழிகளோடும் நின்றார்கள்.

வென்டல் நிலவறைக்கு இறங்கினார். ஃப்ரீசர் ஓடவில்லை. இன்வர்ட்டர் பெட்டியின் சின்னத் திரையில், 'ஊர் மின்சாரத்துக்காகக் காத்திருக்கிறேன்' என்று இருந்தது. தட்டினார். அணைத்துப் போட்டார். அது காத்திருந்தது.

உங்கள் வீட்டு இன்வர்ட்டர் கரண்ட் போனால் கைகொடுக்கும். இது வேறு ரகம். ஊர்க் கம்பியில் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும். இல்லாவிட்டால், கம்பியைச் சரிசெய்ய வருகிறவர்மேல் நம் கூரை மின்சாரம் பாய்ந்துவிடுமே! அதையும் மீறி வீட்டுக்கு மட்டும் மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். காணொளியில் இதைச் சொன்ன இடத்தை வென்டல் பார்க்காமல் வேகமாக ஓட்டித் தாண்டியிருந்தார்.

"வென்டல், எல்லாரும் நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?" என்று மேலேயிருந்து மார்ஜரி கேட்டார்.

"வெயில் இன்னும் ஏறலன்னு சொல்லு."

வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. இறங்கியது. டுவைனின் ஜெனரேட்டர் தெருவெல்லாம் கேட்க உறுமியது. கோழிகள் ஒவ்வொன்றாக அங்கே குடிபெயர்ந்தன.

அடுத்த நாள் ஃப்ரீசரின் அடியில் சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது.

"டுவைன்கிட்ட போய்க் கேளு" என்றார் மார்ஜரி.

"அவன்கிட்டயா? செத்தாலும் மாட்டேன்."

"மூஸ் ஏற்கெனவே செத்தாச்சு. அத வீணாவும் சாகடிக்காத. போ!"

பாவம் வென்டல். அந்தச் சின்னப் புல்வெளியை அவர் கடந்த கோலத்தைப் பார்த்து, அவர் கைபேசிக்குப் பயந்து எத்தனையோ தடவை தெருவை மாறி நடந்த எனக்கே மனசு கேட்கவில்லை.

கதவைத் திறந்த டுவைன், "என்னப்பா, சூரியனுக்கு இன்னிக்கு லீவா?" என்றார்.

"வந்து... உன் ஜெனரேட்டர்லேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கட்டுமா?"

"என்னது? ஓட்ட லாரி சத்தத்துல காதே கேக்கல. உரக்கச் சொல்லு!"

வென்டல் தெருவே கேட்க மறுபடி சொன்னார். டுவைன் கதவுக்குப் பின்னால் தயாராகச் சுருட்டிவைத்திருந்த நீள வயரை எடுத்து நீட்டினார். இறைச்சி பிழைத்தது.

இத்தோடு வென்டல் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? அப்படியானால் இந்த இனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. கரண்ட் திரும்பிய வாரம் தேவாலய விருந்தில், டுவைனின் தட்டில் பெரிய மூஸ் துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டே சொன்னார்: "லைன்மேன் கம்பியத் தொட்டான்ல, அவன் உயிரக் காப்பாத்துனது யாரு? என் பெட்டி! டுவைன், நீயும் ஒண்ணு மாட்டிடு. எலக்ட்ரீஷியன் வேணாம், நானே வர்றேன்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் போன மாதம், "இதுக்குப் போய் ஆள் கூப்பிடுவாங்களா?" என்று நீங்களே பிரித்து மாட்டினீர்களே ஒரு மிக்ஸி, அதில் மீந்துபோன திருகாணியை வீட்டில் யாருக்கும் தெரியாமல் எங்கே ஒளித்துவைத்திருக்கிறீர்கள்?