சமாதானத் தொட்டி

உலகத்தில் இதுவரை ஏற்பட்ட சமாதானங்கள் எல்லாம் பேச்சுவார்த்தையால் வந்தவை. அதனால்தான் ஒன்றுகூட உருப்படவில்லை. பேச்சில்லாமல், கைகுலுக்கல் இல்லாமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் வந்த ஒரே சமாதானம், நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரவேற்பறையில், சோபாவுக்கும் குடை வைக்கும் வாளிக்கும் நடுவிலிருந்த கண்ணாடித் தொட்டிக்குள் வந்தது. வரலாற்றாசிரியர்கள் யாரும் அப்போது அந்தப் பக்கம் வராதது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

தொட்டியில் இருந்தது, நிலையம் சுத்தம் செய்து வெளியே விடுகிற அதே தண்ணீர். அதில் மீன் நீந்தியது. மீன் நீந்துகிற தண்ணீரைக் குறை சொல்ல மனுஷனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது நிலையத்தின் வாதம். வாதத்தைக் கண்டுபிடித்தவர் மக்கள் தொடர்பு அலுவலர். பார்வையாளர் குழு எது வந்தாலும், தொட்டியருகே நின்று, குழாயில் அதே தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துக் காட்டுவது அவர் வழக்கம். குடித்ததும் கண்ணை மூடி, கச்சேரி கேட்பவர் போலத் தலையை ஆட்டுவார். குழுவினர் கைதட்டுவார்கள். யாரும் இரண்டாவது டம்ளர் கேட்டதில்லை.

ஆகவே நிலையம் முழுக்க அவருக்கு 'டம்ளர்' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'டம்ளர் சார்' என்றார்கள்.

தொட்டிக்கு ஆண் கப்பி மீன்களை மட்டும் வாங்குவது என்பது கொள்முதல் பிரிவு நீண்ட ஆலோசனைக்குப் பின் எடுத்த முடிவு. ஆண் கப்பிக்குத்தான் ஆரஞ்சும் நீலமுமாக விசிறி வால் உண்டு. பெண் கப்பி சாம்பல் நிறத்தில், வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருப்பவர் போலிருக்கும். விருந்தினர் கண்ணில் படுகிற இடத்தில் அதற்கு வேலையில்லை. ஆனால் ஆண்களை மட்டும் ஓர் இடத்தில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நிலையத்தின் அலுவலர் சங்கமே சாட்சி. மீன்கள் நாள் முழுக்க வாலை விரித்துக் காட்டின, குறுக்கே பாய்ந்தன, அடுத்தவன் வாலைக் கடித்தன.

பிறகு மெல்ல மெல்ல அமைதி வந்தது. கடிப்பது நின்றது. வால் விரிப்பது நின்றது. ஆரஞ்சு வெளுத்தது, நீலம் கரைந்தது. எல்லா மீனும் ஒரே சாம்பலாக, ஒரே மூலையில், யாருக்கும் தொந்தரவில்லாமல் மிதந்தன.

இயக்குநர்தான் முதலில் கவனித்தார்.

"என்னய்யா, எல்லாம் இப்படி ஒழுங்கா இருக்கு? சோறு போடலையா?"

"போட்டாச்சு சார்," என்றார் டம்ளர். "நம்ம தண்ணிதான் சார் காரணம். மனசைக் குளிர வச்சிருக்கு."

இயக்குநர் தொட்டியைப் பார்த்தார். அலுவலர் சங்க அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார். அந்தக் கணத்தில்தான் 'அமைதி நீர்த் திட்டம்' பிறந்தது. இதுவரை ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் இனி நேராக வீட்டுக் குழாய்களுக்கே போகும். முதலில் ஊழியர் குடியிருப்பு. அது வெற்றி பெற்றதும் நகரம். முதல் இணைப்பை என் வீட்டுக்கே கொடுங்கள் என்று டம்ளர் முன்வந்தார். துணை இயக்குநர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடியிருப்பின் மூன்றாம் மாடியில் அவர் மனைவி, பல வருஷம் மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்த பிறகு, இப்போது ஐந்து மாத கர்ப்பிணி. 'அமைதி நீர் அருந்தும் முதல் தாய்' என்று சுவரொட்டிக்கு ஒரு வாசகமும் எழுதி வைத்திருந்தார்.

திட்டத்தை ஆய்வகத்து வேதியியலாளரைத் தவிர எல்லோரும் பாராட்டினார்கள். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. இயக்குநருக்கும் அக்காதான், இயக்குநர் வயதில் மூத்தவர் என்றாலும் ஒரு பாதுகாப்புக்காக அப்படிக் கூப்பிட்டார். கூட்டத்தில் அக்கா எழுந்து, செத்த கப்பி ஒன்றை அறுத்துப் பார்த்ததாகச் சொன்னார்.

"ஆண் மீன் சார். உள்ளே முட்டை இருக்கு."

இயக்குநர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"நல்லதுதானே," என்றார் இயக்குநர். "உற்பத்தி கூடியிருக்கு."

"சார், உடம்புக்குள்ள ஹார்மோன்னா ஆபீஸ் ஆர்டர் மாதிரி. வளர்னா வளரும், நிறுத்துன்னா நிறுத்தும். ஜனங்க முழுங்குற மாத்திரை, வயல்ல அடிக்கிற மருந்து, மாடு கொழுக்கப் போடுற ஊசி, எல்லாத்தோட எச்சமும் நம்மகிட்டதான் வருது. நம்ம மெஷின்ல அது நிக்கிறதில்ல. உள்ளே போய் போலி ஆர்டர் போடுது."

"போலி ஆர்டரா? அதுல நம்ம சீல் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப நம்ம மேல பொறுப்பு வராது."

"ரொம்பக் கொஞ்சம்தானே அக்கா இருக்கும்?" என்றார் டம்ளர் ஆதரவாக. "குளத்துல ஒரு சொட்டு."

"ஆர்டர் எவ்வளவு பெரிய பேப்பர்ல வந்துச்சுன்னா பாக்குறீங்க? கையெழுத்து இருந்தா உடனே ஓடுறீங்கல்ல. உடம்பும் அப்படித்தான் தம்பி. வயித்துல இருக்கிற குழந்தைன்னா இன்னும் வேகமா ஓடும்."

டம்ளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

இயக்குநர் தொண்டையைச் செருமி, நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க விளக்கத்தை அளித்தார். "அக்கா, மாடு கால்நடைத் துறை. பூச்சி மருந்து வேளாண்மைத் துறை. மாத்திரை சுகாதாரத் துறை. நம்ம துறை தண்ணி மட்டும்தான். தண்ணி சுத்தமா இருக்கு. அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் மத்த துறைங்க."

சோதிக்க வேண்டிய பொருள்களின் வரிசையில் ஹார்மோன் இல்லை. வரிசையில் இல்லாதது தண்ணீரிலும் இருக்க முடியாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆண் மீன் வயிற்றில் முட்டை இருந்தது 'குடும்பப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் மனப்பான்மை' என்று பதிவாயிற்று. எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

அக்கா தீர்மானத்தை எதிர்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் உள்ள ஊற்றுக் குழாயில் தண்ணீர் பிடித்து, கேனில் சுமந்து வர ஆரம்பித்தார். அந்த ஊற்று மாட்டுப் பண்ணைகளுக்கும் வயல்களுக்கும் மேலே இருந்தது. கேண்டீனில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அதிலிருந்து ஊற்றிக் குடித்தார்.

டம்ளருக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. காலி கேன் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கைக்குழந்தைக்காரி போலத் தட்டிக்கொடுத்தபடி மேசைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். "ஆராரோ, என் தங்கமே, கழிவுநீர்க்காரன் வர்றான், கண்ணை மூடிக்கோ," என்று தாலாட்டு வேறு. கணக்குப் பிரிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்காவுக்கு 'ஒட்டகம்' என்று பட்டமும் அங்கேயே வழங்கப்பட்டது.

"ஒட்டகம் கண்ட தண்ணிய நம்பாது தம்பி," என்றார் அக்கா, டம்ளரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அதான் நீங்க கேலி பண்ற வரைக்கும் உயிரோட இருக்கு."

"பயம் ஒரு வியாதிக்கா."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

கேள்வி சாதாரணமானதுதான். டம்ளர் சாதாரணமாகவே, நல்லா இருக்காங்க என்றார். கேனைக் கீழே வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. மேளதாளம் மட்டும்தான் குறை. தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் டம்ளர் வழக்கம்போல் ஒரு டம்ளர் குடித்தார். ஒளிப்பதிவாளர் வெளிச்சம் சரியில்லை என்றதால் இன்னொரு முறை குடித்தார். மூன்றாவது முறை இயக்குநர், "போதும்யா, நாளைக்கும் நீ வேலைக்கு வரணும்," என்று தடுத்தார். வாய் தவறி வந்த அந்த வார்த்தையை ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள்.

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் இருந்தாள். புதுக் குழாயின் ரிப்பனை அவிழ்த்துத் தலையில் கட்டியிருந்தாள்.

"டிவில பாத்தேன். நல்லாவே நடிச்சீங்க."

"நடிக்கல, குடிச்சேன்."

"ம்ம். கண்ணை மூடுனது கொஞ்சம் ஓவர்." குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் குறை சொல்லக் கண்ணுக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. "உங்க ஒட்டக அக்கா இன்னிக்கி போன் பண்ணாங்க."

"என்னவாம்?"

"எத்தனை மாசம்னு கேட்டாங்க. ஆறுன்னேன். சரிம்மான்னு வச்சிட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லாததுதான் என்னமோ மாதிரி இருக்கு." டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். "நான் குடிக்கட்டுமா?"

உலகத்திலேயே சுலபமான கேள்வி. பதிலை அவர் ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்திருந்தார். துண்டுப் பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில், படத்துடன் இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும், வழக்கம்போல் அதுவாக வந்துவிடும்.

அவர் கையை நீட்டி டம்ளரை வாங்கி, மடக் மடக்கென்று தானே குடித்துவிட்டார்.

"எனக்குத் தாகமா இருந்துச்சு," என்றார்.

மனைவி அவரையே பார்த்தாள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கும் தாகமாத்தான் இருக்கு," என்றாள்.

மறுநாள் காலை மலையடிவார ஊற்றுக் குழாயில் சின்ன வரிசை இருந்தது. வரிசையின் கடைசியில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, கைக்கொரு கேனோடு நின்றார் டம்ளர். முன்னால் நின்ற பெண் திரும்பினார். அக்கா.

"தோட்டத்துக்கு," என்றார் டம்ளர், யாரும் கேட்காமலே.

"மூணாவது மாடியில தோட்டமா?"

"ஒரு செடிதான்."

அக்கா கேனைப் பார்த்தார். கேலி செய்ய அவருக்கு ஒரு மாசத்துக்குத் தேவையான சரக்கு அங்கேயே கிடைத்திருந்தது. "செடிக்கு ஆறு மாசம் இருக்கும்ல," என்று மட்டும் சொல்லி, ஒதுங்கி நின்றார். "முன்னால போ தம்பி. காக்க வைக்காத."

டம்ளர் குழாயடியில் குந்தினார். முதல் கேன் நிரம்பிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்து நின்ற ஒரு வேன் ஓட்டுநர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க டிவில அந்தத் தண்ணி குடிச்சவர்தானே? எங்க தெருவுக்கும் அடுத்து கனெக்ஷன் தர்றாங்களாம். பொண்டாட்டி புள்ளைங்களுக்கு இனிமே நான் இவ்வளவு தூரம் வந்து தூக்கிட்டுப் போக வேண்டியதில்ல, இல்லீங்களா சார்?"

"வேண்டியதே இல்ல," என்றார் டம்ளர். "பயப்படாம குடிக்கச் சொல்லுங்க."

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாதபடி கேனின் மூடியை இறுக்கித் திருகிவிட்டு, இரண்டாவது கேனைக் குழாய்க்கு அடியில் வைத்தார்.