கம்பளி மூன்று, துணைக்கு ஆள் இல்லை

கனம் பொருந்திய மைத்துனர் டேவிட் அவர்களுக்கு,

ஆவடி சேக்காட்டிலிருந்து உன் அக்காள் புருஷன் ஆரோக்கியசாமி. கோலாரில் நீயும் பிள்ளைகளும் நன்றாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம்.

மச்சான், வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணை நம்பி எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள். என்னை யாரும் கைவிட்டுவிடவில்லை. கோயில் சபைக்காரர்கள் ஜெபம் பண்ணி, கம்பளி கொடுத்து, இலவசக் கண் ஆபரேஷன் முகாமில் பேர் கொடுத்தார்கள். டை கட்டிய கிளப் கனவான்கள் வேன் அனுப்பினார்கள், கூடவே ஒரு கம்பளி. ரசிகர் மன்றத்துப் பையன்கள் ரொட்டி, ஆரஞ்சு, அப்புறம் ஐயையோ, இன்னொரு கம்பளி. மாதர் சங்கத்து ஞானகுமாரி டீச்சர் வழியனுப்பு மேடையில் போட்டோவுக்காக, ஆபரேஷனுக்குப் பிறகு போடவேண்டிய கறுப்புக் கண்ணாடியை முன்கூட்டியே மாட்டிவிட, இருந்த பார்வையும் இருண்டு, மேடையிலிருந்து இறங்கி மைக்செட்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதே. இவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று திரும்பியவனை இவர்கள்தான் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள்.

ஆனால் முகாம் வாசலில் நர்சம்மா, "பெரியவரே, கூட யாரு வந்துகீறாங்க? ஆளில்லாம கட்டில் கெடையாது" என்றாள். வேனில் கம்பளி இருந்தது, ஆரஞ்சு இருந்தது, ஆள் இல்லை. ஒவ்வொரு சங்கமும் அடுத்த சங்கம் அனுப்பும் என்று இருந்துவிட்டதாம். உன் அக்காள் செலின் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அழுதுவிட்டேன் மச்சான்.

கூரைத் தண்ணீருக்காக என்னோடு ஓயாமல் சண்டை போடுகிற எதிர்வீட்டுக் கங்காதரனும் புரைக்கண்ணோடு அதே வேனில் வந்திருந்தார். அவரையும் அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அவர் மகன் துபாயில். "இன்னாய்யா, நீயும் ஒண்டியா?" என்று என்னைப் பார்த்து இளிக்கிறார். வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

அடுத்த வாரம் கடைசி முகாம். லீவு கிடைப்பது கஷ்டம்தான், தெரியும். எப்படியாவது வந்து சேர். விட்டால் கண் போய்விடும்.

அந்தோணியார் உன் வீட்டைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: இதைப் போடப் போனபோது தபால்பெட்டியருகே கங்காதரன் வழிமறித்தார். "உனுக்கு நான், எனுக்கு நீ. ரெண்டு பேரும் ஒரே நாள்ல படுக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார். இருவருமாகப் போய்க் கேட்டோம். நர்சம்மா சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டாள். திங்கட்கிழமை அவர் கண், வெள்ளிக்கிழமை என் கண். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு, துணைக்கு நீ வரவேண்டாம். கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் சும்மா வா. செலின் சாடை உன் முகத்தில்தான் இருக்கிறது. பார்க்கணும்.